கருமேனிக்கும் காப்பு வேண்டும்

திருமலைக்கு நடந்து செல்லும் அடியார்கள் அலிபிரியிலிருந்து மலையேறத் தொடங்குகின்றனர். ஏறத்தாழ 9 கிலோமீட்டர் நீளமும் 3,550 படிகளும் கொண்ட அப்பாதையின் பெரும்பகுதிக்குக் கூரை உண்டு. எனினும், மேலே மாட வீதிகளை அடைந்தபின் வெயிலை நேரே ஏற்க வேண்டியிருக்கிறது. பிரம்மோற்சவக் கருடசேவை நாளில் மக்கள் மணிக்கணக்கில் அங்குக் காத்திருப்பர். முடி காணிக்கை செலுத்தியோரின் நிலை இன்னும் கவனிக்கத்தக்கது. அதுவரை மயிரால் மறைந்திருந்த தலைத்தோல் திடீரென வெயிலுக்கு இலக்காகிறது. அதன்மேல் சந்தனம் பூசும் வழக்கம் குளிர்ச்சி தரும். ஆனால் கதிர்களைத் தடுக்க அதனை நம்பியிருத்தல் தகாது.

"கறுத்த மேனிக்கு வெயிற்காப்புக் களிம்பு எதற்கு? அது வெள்ளையர்க்கு உரியது அன்றோ?" என்னும் கேள்வி கற்றவரிடையேயும் எழுவதுண்டு. இக்கூற்றில் பாதி உண்மை இருப்பதனாலேயே இதனைத் திருத்துவது கடினமாகிறது.

அப்பாதி உண்மை யாதெனில், தோலிலுள்ள மெலானின் என்னும் நிறமி புறஊதாக் கதிர்களை ஈர்த்துத் தடுக்கிறது என்பதே. 1979-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பி வகைப் புறஊதாக் கதிர்களுக்கு எதிராகக் கறுப்பினத்தவரின் மேல்தோல் தரும் காப்பைச் சராசரி 13.4 என்றும், வெள்ளையரது காப்பை 3.4 என்றும் கணக்கிட்டது. கடைகளில் விற்கும் களிம்புகளுக்குச் சூரியக் காப்பு எண் பெரும்பாலும் 30 அல்லது 50 ஆக இருப்பதை இதனோடு ஒப்பிட்டால், இயற்கை தந்த காப்பு மெய்யானது, ஆயினும் நிறைவற்றது என்பது விளங்கும். மேலும், இந்திய மக்களின் மேனி ஒரே நிறத்தது அன்று. ஒரே குடும்பத்திலும் நிறம் வேறுபடுவதைக் காண்கிறோம்.

மறைந்துபோகும் மறுபாதியும் உண்டு. கறுத்த தோல் எளிதில் சிவந்து எரிவதில்லை. ஆதலின் தீங்கு நேரவில்லை என்று மக்கள் கருதுகின்றனர். ஆனால் அத்தோலில் தீங்கு வேறு வடிவில் தோன்றுகிறது. முகத்தில் படரும் மங்கும், பருவோ புண்ணோ ஆறியபின் எஞ்சும் கருந்தழும்பும் வெயிலால் மிகுகின்றன. கண்ணுக்குப் புலனாகும் ஒளியே கருநிறத் தோலில் நீடித்த கருமையை உண்டாக்கவல்லது என்று 2010-இல் வெளியான ஆய்வு காட்டிற்று. எனவே மங்கு உடையோர்க்கு, இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள களிம்பு சாதாரணக் களிம்பைவிடப் பயன் தரும்.

இதனை எடுத்துரைப்போர் மிகைப்படுத்துதல் கூடாது. வெயிலால் விளையும் தோல் புற்றுநோய் இந்தியரிடையே அரிது. கருநிறத்தவர்க்கு உள்ளங்காலில் தோன்றும் மெலனோமா என்னும் புற்றுநோய்க்கு வெயில் முதற்காரணம் அன்று. அச்சமூட்டிப் பெறும் இணக்கம் நெடுநாள் நில்லாது.

சிவப்பழகு ஆசையோடு இதனைக் கலப்பதும் கூடாது. வெயிற்காப்புக் களிம்பை நிறம் வெளுக்கும் பொருளாக விளம்பரம் செய்வோர் உளர். அது மேனியை வெளுக்கச் செய்யும் மருந்து அன்று. உள்ள தோலைக் காப்பது. கருமை குறையன்று என்பதைக் கற்பிக்க வேண்டிய ஆசிரியரே, களிம்பின் பயனையும் இவ்வாறு பிரித்துச் சொல்லுதல் வேண்டும்.

யாவரினும் முதலில் காக்கப்பட வேண்டியவர், பிறவியிலேயே மெலானின் குன்றிய வெண்மேனியர். இவர்களுக்குத் தோல் புற்றுநோய் இளமையிலேயே வரக்கூடும். கிராமந்தோறும் செல்லும் களப்பணியாளர் இத்தகைய குழந்தைகளைக் கண்டறிந்து, முழுக்கை ஆடை, அகன்ற விளிம்புத் தொப்பி, களிம்பு ஆகியவற்றுக்கு வழி செய்தல் வேண்டும். தான்சானியாவின் மோஷி நகரில் உள்ள தோல் மருத்துவப் பயிற்சி நிலையம் இவர்களுக்கெனவே களிம்பு தயாரிக்கத் தொடங்கியது. ஒப்பனைப் பொருளாக விற்கப்படும் ஒன்றை இவர்களுக்கு மருந்தாகக் கருதி அரசு மருத்துவமனைகள் வழியே இலவசமாக வழங்குவதே முறை.

ஏனையோர்க்கு நிழலும் குடையும் துணியும் முதற்காப்பு. அவற்றால் மறையாத முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் களிம்பு. ஏ, பி ஆகிய இருவகைக் கதிர்களையும் தடுக்கும், காப்பு எண் 30-க்குக் குறையாத களிம்பை வெளியே செல்லுமுன் தாராளமாகப் பூசி, இரண்டு மணிக்கொரு முறை மீண்டும் பூச வேண்டும். மெல்லியதாகத் தடவினால் குறித்த காப்புக் கிட்டாது. மொட்டையிட்ட தலைக்குத் துணி போதும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் களிம்பைத் தவிர்த்து, நிழலிலேயே வைத்திருத்தல் நன்று.

வெப்பம் வேறு, புறஊதாக் கதிர் வேறு என்பதைப் பள்ளி முற்றத்திலேயே விளக்கலாம். ஒரு கோலை நேராக நட்டு நிழலை அளக்கச் செய்யுங்கள். நிழல் கோலினும் குறுகியிருக்கும் வேளையில், காற்று குளிர்ந்திருப்பினும் கதிர் கடுமையாகவே இருக்கும். திருப்பதி வட்டாரத்தில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகலில் கதிரவன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்கிறது. அப்போது நிழல் காலடியிலேயே ஒடுங்கும். அந்நிழலைத் தன் கையால் அளந்த மாணவன், காப்பு எவ்வேளையில் வேண்டும் என்பதை மறவான்.