துருவுக்கு மேல் பெயிண்ட் அடிக்கலாமா?

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்... இந்தப் பெயர்களைக் கேட்டாலே பலருக்கும் தாத்தா காலத்து ஞாபகம் வந்துவிடும். இன்றைக்கும் இவற்றைத் தேடி வாங்கி, புதுப்பித்து ஓட்டும் பிரியர்கள் இருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கியவுடன் பலரும் முதலில் செலவு செய்வது எதற்குத் தெரியுமா? பளபளக்கும் பெயிண்டுக்கு! கடைசியில் செய்ய வேண்டிய வேலை அது. அதை முதலில் செய்வதால்தான் பல பழைய கார்கள் வீணாகின்றன.

துரு எப்படி வருகிறது என்பது பள்ளிக்கூடப் பாடம். இரும்பு, ஆக்சிஜன், ஈரம் மூன்றும் சேர்ந்தால் துரு. உப்பு கலந்துவிட்டால் வேகம் இன்னும் கூடும். பாடத்தில் பலர் மறந்துபோன ஒரு பகுதி உண்டு. துருவானது தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் போல உப்புகிறது. கதவின் கீழ் ஓரத்தில் இப்படி ஒரு கொப்புளம் தெரிந்தால், பெரும்பாலும் துரு உள்பக்கத்திலிருந்து தகட்டைத் தின்றுகொண்டு வெளியே வந்திருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் அடித்தால் கார் புதிது போல ஆகிவிடும். எத்தனை நாளைக்கு? பட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. உள்ளே இருக்கும் துருவுக்கு அது தண்ணீர் ஊற்றி வளர்ப்பது போலத்தான். ஒன்றிரண்டு மழைக்காலத்தில் அதே இடத்தில் மீண்டும் கொப்புளம் வரும். இந்த முறை பெரியதாக!

இது வெறும் அழகுப் பிரச்சினை என்றால் விட்டுவிடலாம். ஆனால் அம்பாசிடருக்கும் பத்மினிக்கும் லாரிக்கு இருப்பது போலத் தனிச் சேசிஸ் கிடையாது. தரைத் தகடும், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி போன்ற பகுதியும், தூண்களும் சேர்ந்துதான் மொத்த எடையையும் தாங்குகின்றன. அந்தப் பெட்டி உள்ளே உளுத்துப் போயிருந்தால், மோதலின்போது உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற எதுவும் இல்லை. ஹெரால்டுக்குத் தனிச் சேசிஸ் உண்டு. ஆனால் அந்தச் சேசிஸும் இரும்புதானே!

எஃப்.சி. காட்டுவதற்கு முன் ஒரு பெயிண்ட், விற்பதற்கு முன் ஒரு பெயிண்ட் என்பது ஊர் வழக்கமாகிவிட்டது. துருவை மறைத்து விற்பவர் அடுத்தவர் குடும்பத்தின் பாதுகாப்பையும் சேர்த்து விற்கிறார் என்பதை உணர வேண்டும்.

சரி, என்னதான் செய்வது? முதலில் மேட்டைத் தூக்கி, தரையை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பார்க்க வேண்டும். மேலோட்டமான துரு என்றால் கம்பி பிரஷால் தேய்த்து, துரு மாற்றும் திரவம் பூசலாம். இவற்றில் சிலவற்றில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். சிலவற்றில் டானின் இருக்கும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான அதே வகைப் பொருள்தான்! ஆனால் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்கினால் எந்தத் திரவமும் உதவாது. நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனமுள்ள புதுத் தகட்டை வெல்டிங் செய்வதுதான் ஒரே வழி. பிறகு எபாக்ஸி பிரைமர், அடிப்பாகத்துக்கு அண்டர் கோட்டிங், பெட்டிப் பகுதிகளுக்குள் மெழுகு ஸ்பிரே. துருவின் மேலேயே அண்டர் கோட்டிங் அடிப்பது பட்டி பூசுவதைவிட மோசம். ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுவிடும்.

வருமுன் காப்பதற்குப் பெரிய செலவில்லை. கதவின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். மண் அடைக்காமல் ஒரு கம்பியால் குத்திவிட்டாலே கதவு பல வருடம் பிழைக்கும். மட்கார்டின் உள்பக்கம் சேறு தங்கக்கூடாது. கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். மழையில் நனைந்த மேட்டை வெயிலில் காயவைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவது காரை வேகவைப்பது போல. காற்றுப் போகும் துணிக் கவரே நல்லது. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் அடிப்பாகத்தையும் அடிக்கடி நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் பழைய இன்ஜின் ஆயிலை அடியில் அடிக்கும் பழக்கம் வேண்டாம். துரு கொஞ்சம் குறையலாம். ஆனால் ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும். சொட்டும் எண்ணெய் மண்ணையும் கெடுக்கும்.

"காரின் விலையைவிட டிங்கரிங் செலவு அதிகமாகிறதே!" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டியதில்லை என்பதே. இந்த வருடம் தரை, அடுத்த வருடம் கதவுகள், கடைசியாகப் பெயிண்ட். அதுவரை கார் நிறம் மங்கியே ஓடட்டும். மங்கிய பெயிண்டால் யாருக்கும் ஆபத்தில்லை.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, 50 வருடங்களுக்கு மேற்பட்ட கார் 'விண்டேஜ்' பதிவு பெற, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். அம்பாசிடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. இனிப் புதிதாக ஒரு பாடி அங்கிருந்து வரப்போவதில்லை. இருக்கும் இரும்பைக் காப்பாற்றினால்தான் அடுத்த தலைமுறை அதில் ஏறி உட்கார முடியும். பழைய காரை நேசிப்பவர்கள் முதலில் குனிந்து அதன் அடிப்பாகத்தைப் பார்க்கட்டும்!