கார் ஃபேனை ஓட்டும் பீங்கான் வில்லை: விருத்தாசலம் கவனிக்குமா?

விருத்தாசலம் என்றால் பீங்கான். அகல் விளக்கு, பொம்மை, மீட்டர் பெட்டி ஃபியூஸ் கேரியர் எல்லாம் இந்த ஊர்ச் சூளைகளில் வேகும். ஆனால் புது வீடுகளில் ஃபியூஸ் கேரியருக்கு இடமில்லை, எம்சிபி வந்தாச்சு. இந்தக் கைத்திறன் அடுத்து எங்கே போவது? ஒரு பதில் கார் பானெட்டுக்குள் இருக்கிறது.

எஞ்சின் கூலன்ட் சூட்டை அளக்கும் சென்சாருக்குள் இருப்பது தெர்மிஸ்டர். அதுவும் பீங்கான் வகைதான். களிமண்ணுக்குப் பதில் மாங்கனீசு, நிக்கல் போன்றவற்றின் ஆக்சைடு பொடிகளை அழுத்தி, 1,000 டிகிரிக்கு மேல் சுட்டெடுத்த சின்ன வில்லை. சூடு ஏறினால் அதன் மின்தடை இறங்கும். (சில்வர் சல்ஃபைடில் இந்தக் குணத்தை ஃபாரடே 1833-லேயே பார்த்துவிட்டார்.) கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வகை 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும். 100 டிகிரியில் சுமார் 700 ஓம்தான்.

அதோடு ஒரு ரெசிஸ்டரைச் சேர்த்து ஆர்டுயினோ ஊனோவில் இணைத்தால், வோல்டேஜ் 0 முதல் 1023 வரையிலான எண்ணாக வரும். அதை டிகிரியாக மாற்றி டிஸ்ப்ளேயில் காட்டலாம். 95-ல் ஃபேன் ஆன், 90-ல் ஆஃப் என்று வைக்கலாம். நடுவே இடைவெளி விடாவிட்டால் ரிலே படபடவென அடித்துக்கொண்டே இருக்கும்.

கோட்டை விடுவது இதற்கப்புறம்தான். சென்சார் வயர் அறுந்தால் மின்தடை எக்கச்சக்கமாக ஏறும். புரோகிராம் அதை ‘எஞ்சின் ஜில்லுன்னு இருக்கு’ என்று எடுத்துக்கொள்ளும். ஃபேன் நிற்கும், ஹெட் கேஸ்கெட் போகும். நம்ப முடியாத எண் வந்தால் ஃபேன் ஓடியே ஆகணும் என்று எழுதுவது கட்டாயம். போர்டே செத்தாலும் ஓட வேண்டுமென்றால், காயிலுக்குக் கரன்ட் இல்லாதபோது இணைந்திருக்கும் ரிலே முனையில், அதன் ஆம்பியர் அளவு தாங்குமா என்று பார்த்து, ஃபியூஸ் வழியாக ஃபேனை மாட்டலாம். சப்ளை மட்டும் சாவி போட்டால்தான் வர வேண்டும். இதெல்லாம் பழைய வண்டிக்கு. புது காரில் இசியு இந்த வேலையைப் பார்க்கிறது, அதன் வயரில் கை வைக்காதீர்கள்.

விருத்தாசலத்தில் சூளையும் இருக்கிறது, செராமிக் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிறுவனமும் இருக்கிறது. கார் கம்பெனி ஏற்கும் சென்சார் உடனே வந்துவிடாது. ஆயிரம் வில்லையும் ஒரே அளவு காட்ட வேண்டும், கஷ்டமே அதுதான். ஆனால் பத்து வில்லை சுட்டு, வெந்நீரில் போட்டு மல்டிமீட்டரில் அளந்து, ஆர்டுயினோவில் இணைக்க ஒரு செமஸ்டர் போதும். பக்கத்து பாலிடெக்னிக் எலெக்ட்ரானிக்ஸ் மாணவர்களையும் சேர்த்து, இந்த ஆண்டு புராஜெக்டாகவே கொடுத்துப் பார்க்கலாம்.