எரிக்கச் சொன்ன கடிதம்



2024 ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரே ஒரு பழைய தபால் தலை 43 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது. நம்ம பணத்தில் 36 கோடி ரூபாய்! அதில் அச்சடித்திருந்த விலை என்ன தெரியுமா? வெறும் ஒரு சென்ட். இப்படிச் செய்தி வந்தால் போதும், பிள்ளை ஸ்டாம்பு சேர்ப்பதைப் பார்த்து "குப்பை" என்று திட்டுகிறவர்கள்கூட, "ஏண்டா, உன்கிட்ட அது இருக்கா பாரு" என்று ஆல்பத்தைப் புரட்ட ஆரம்பித்து விடுகிறார்கள். திட்டுவதும் சரியில்லை, இந்தப் பேராசையும் சரியில்லை என்பது என் கருத்து.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். ஸ்டாம்பு என்றால் அவனுக்கு உயிர். அவனோடு உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

அந்த 36 கோடி ரூபாய் தலையில் இருப்பது பெஞ்சமின் பிராங்க்ளின் முகம், நீல நிறம். 1860-களில் வந்த இதே முகம், இதே நிறமுள்ள சாதாரணத் தலை சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கும். அப்புறம் எதில்தான் வித்தியாசம்? ஒருமுறை ஒட்டிய ஸ்டாம்பில் முத்திரை மையைக் கழுவிவிட்டு மறுபடியும் ஒட்டி ஏமாற்றுவார்களே என்று அந்த அரசாங்கம் பயந்தது. அதனால் 1867-லிருந்து சில வருஷம், தாளில் சல்லடை போலப் பொடிப் பொடியாகப் புள்ளி அழுத்தி வெளியிட்டார்கள். தாளின் நார் உடைந்திருப்பதால் மை உள்ளே ஊறிவிடும், கழுவினாலும் போகாது. அந்தப் புள்ளிக் கட்டம் பல அளவில் இருந்தது. அதில் 'இஸட்' என்று பேர் வைத்த அளவில், ஒரு சென்ட் தலை உலகத்திலேயே இரண்டுதான் தெரியவந்திருக்கிறது. ஒன்று நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது. இன்னொன்றுதான் ஏலம் போனது.

ஆக, முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அளந்து, சோதித்துத்தான் சொல்ல முடியும். சாதாரணத் தலையில் பொய்ப் புள்ளி அழுத்தி விற்கிறவர்களும் உண்டு. அதனால்தான் நியூயார்க்கில் உள்ள பிலாடெலிக் பவுண்டேஷன் போன்ற அமைப்புகள் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கின்றன. சான்றிதழ் இல்லாமல் "அமெரிக்காவின் பழைய அபூர்வ ஸ்டாம்பு" என்று யாராவது விலை சொன்னால், கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

பழசு என்பதாலேயே எல்லாம் அபூர்வமும் ஆகிவிடாது. 1861-ல் வந்த ரோஜா நிற 3 சென்ட் தலையை 100 கோடிக்கும் மேல் அச்சடித்தார்கள். அதனால் 160 வருஷம் தாண்டியும் அது மலிவுதான்.

இன்னொரு தலையின் கதையைக் கேளுங்கள். அமெரிக்க அரசாங்கம் நாடு முழுவதற்கும் ஸ்டாம்பு வெளியிட்டது 1847 ஜூலை 1-ல். அதற்கு முன் சில ஊர்களில் போஸ்ட் மாஸ்டர்களே தாங்களாக அச்சடித்து விற்றார்கள். விர்ஜீனியாவில் அலெக்சாண்ட்ரியா என்ற ஊரின் ஸ்டாம்பு அப்படி வந்ததுதான். வட்டமாக, 5 சென்ட் விலையில் இருக்கும். அந்த ஊர் இளைஞர் ஜேம்ஸ் ஹஃப், 1847 நவம்பரில் ரிச்மண்டில் இருந்த ஜானெட் பிரவுனுக்கு அதை ஒட்டி ஒரு கடிதம் போட்டார். இருவரும் உறவினர்கள், ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். ஆனால் இரண்டு குடும்பமும் வேறு வேறு கிறிஸ்தவ சபை. வீட்டுக்குத் தெரியக்கூடாதே என்று, வழக்கம்போல் எரித்துவிடு என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

ஜானெட் எரிக்கவில்லை. 1853-ல் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. 1907-ல் அவர்கள் மகள், தையல் பெட்டிக்குள் இருந்து அந்தக் கடிதத்தைக் கண்டெடுத்தார். நீலத் தாளில் அச்சான அலெக்சாண்ட்ரியா தலை அது ஒன்றுதான் இன்றுவரை கிடைத்திருக்கிறது. மகள் அதை 3,000 டாலருக்கு விற்றார். 1981-ல் அதுவே 10 லட்சம் டாலருக்குப் போனது.

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே. கோடீஸ்வரர்கள் ஏலம் கேட்டது பிறகுதான். 60 வருஷம் அதைக் காப்பாற்றியது ஒரு பெண்ணின் மனசும், ஊசியும் நூலும் வைக்கிற பெட்டியும்தானே! மகளும் ஸ்டாம்பை மட்டும் கத்தரித்து எடுக்காமல் கவரோடு விட்டதால்தான், எந்த ஊரில் எப்போது ஒட்டியது என்பதற்குச் சாட்சி இருந்தது. தனியாகப் பிரித்திருந்தால் அதன் மதிப்பு எவ்வளவோ குறைந்திருக்கும்.

கத்தரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 1857-க்கு முன் அமெரிக்கத் தலைகளைச் சுற்றி ஓட்டை வரிசை கிடையாது. தாளிலிருந்து கத்தரியால்தான் வெட்டிக் கொடுத்தார்கள். அவசரத்தில் படத்துக்குள்ளேயே வெட்டு விழும். நாலு பக்கமும் ஓரம் முழுசாக இருக்கும் தலைக்குத்தான் இன்று நல்ல விலை. சேர்ப்பவர்களுக்குப் பணத்தைவிடக் கண்ணும் பொறுமையும் தேவை.

1893-ல் சிகாகோ கண்காட்சிக்காக, 1 சென்டிலிருந்து 5 டாலர் வரை கொலம்பஸ் தலைகள் 16 வந்தன. அமெரிக்க ஸ்டாம்பில் முதன்முதலில் இடம் பிடித்த பெண், ஸ்பெயின் ராணி இசபெல்லா, அந்த வரிசையில்தான் வந்தார். ஒரு டாலர் தலையில், கொலம்பஸின் பயணத்துக்காக அவர் தன் நகைகளை அடகு வைக்க முன்வரும் படம்! அடகுக்கடைப் படி ஏறியிருக்கும் நமக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு விரல் அகலத் தாளில் சரித்திரம், பூகோளம், கணக்கு எல்லாம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிறது. அதைப் போய்க் குப்பை என்று சொல்லலாமா?

முடிவாக நான் கேட்டுக்கொள்வது இதுதான். பிள்ளையின் ஆல்பத்தை ரூபாயால் அளக்காதீர்கள். பரண் சுத்தம் செய்யும்போது பழைய கடிதக் கட்டை அப்படியே பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல், பத்து நிமிஷம் பிரித்துப் பாருங்கள். ஸ்டாம்பு இருந்தால் தண்ணீரில் ஊறப் போடாமல், கவரோடு பத்திரப்படுத்துங்கள். கோடி வராது. ஆனால் பாட்டி யாருக்கு என்ன எழுதினாள் என்று பேரப்பிள்ளைகள் தெரிந்துகொள்வார்கள். நம் வீட்டுக் கடிதங்களை நாம் வைக்காவிட்டால் வேறு யார் வைக்கப் போகிறார்கள்?

- ஒரு வாசகி, கும்பகோணம்