தண்டவாளத்துப் பிளாஸ்டிக் குருணை: சிந்தியவரே அள்ள வேண்டும்

உரச்சாக்கு, சொட்டு நீர்க் குழாய், தார்ப்பாய், குழித்தட்டு ஆகிய யாவும் பிளாஸ்டிக் குருணையை உருக்கிச் செய்யப்படுபவையே. குருணை மருந்து தூவிய விவசாயிகளுக்கு இதன் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. அதைவிடச் சற்றுப் பெரியது. 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். மக்காது என்பதே இதிலுள்ள தொல்லை.

அமெரிக்காவில் இக்குருணை பெருமளவு ரயிலில் செல்கிறது. ஒரு வேகனில் ஏறத்தாழ 90 டன் கொள்ளும். வேகனின் அடிப்புறத் திறப்பில் குழாயைப் பொருத்தி, காற்றினால் உறிஞ்சி இறக்குவார்கள். குழாயைக் கழற்றும்போதும், திறப்பைச் சரியாக மூடாதபோதும் குருணை சிந்தித் தண்டவாள ஜல்லிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு விளக்குமாறு கொண்டு கூட்ட இயலாது. மழை பெய்ததும் கரைச் சரிவில் வழிந்து, சிறுபாலத்தின் வழியே ஓடையை அடைகிறது. பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் குருணைகள் நீரைவிட இலேசானவை. மிதந்து போய் வெகுதொலைவில் நாணலிலும் கரையோரத்திலும் ஒதுங்குகின்றன. பி.வி.சி. குருணையோ அடியில் தங்கி வண்டலோடு கலந்துவிடும்.

தொண்டர்களைத் திரட்டி ஆற்றங்கரையில் பொறுக்குவதைப் பலர் பாராட்டுகின்றனர். நல்லெண்ணம்தான், ஆனால் அதையே தீர்வாகக் கொள்வது சரியன்று. ஒரு கிலோவில் சுமார் 40,000 குருணைகள் இருக்கும். காய்ந்த தரையில் ஒரே முறத்தில் அள்ளக்கூடிய அந்த ஒரு கிலோவை, நீரில் இறங்கிய பிறகு எத்தனை ஆள் கூலி கொடுத்தாலும் முழுவதும் மீட்க முடியாது. அந்தக் கூலியும் சிந்தியவர் தலையில் விழாமல், கீழ்ப்பாசனத்தில் இருப்பவர் தலையில் விழுகிறது.

கண்ணுக்குத் தெரியாத கேடும் உண்டு. டோக்கியோ வேளாண்மை தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிதேஷிகே தகாடா 2005 முதல் பல நாட்டுக் கடற்கரைக் குருணைகளை வரவழைத்து ஆராய்ந்து வந்துள்ளார். டி.டி.டி. போன்ற, எண்ணெயில் கரையும் நஞ்சுகள் நீரிலிருந்து இவற்றில் ஏறிச் சேர்வது அதில் தெரிந்தது. மீன் முட்டை போன்ற இக்குருணையை மீனும் நீர்ப்பறவையும் விழுங்கிவிடுகின்றன.

சிந்தாமல் கையாளும் திட்டம் ஒன்றை அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிலினர் 1991-லேயே தாமாகத் தொடங்கினர். அது மட்டும் போதவில்லை. 2007-இல் கலிபோர்னியா மாநிலம் சட்டம் இயற்றிற்று. ஏற்றி இறக்கும் திறப்புகளின் கீழே ஏந்து தட்டு வைத்தல், சிந்தியதை உறிஞ்சு இயந்திரத்தால் எடுத்தல், மழைநீர் வடிகாலில் 1 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் துகள்களையும் பிடித்து நிறுத்துதல் ஆகியவை அதன் நிபந்தனைகள். ஐரோப்பிய ஒன்றியம் 2025-இல்தான் இதற்கென விதி கொண்டுவந்தது. தாமதமே எனினும் வரவேற்கத்தக்கது.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது, சாட்சியும் வேண்டும். டெக்சாஸ் மாநிலத்தில் இறால் பிடிக்கும் தொழில் செய்த டயேன் வில்சன் என்ற பெண்மணியும் அவருடன் சேர்ந்தோரும், பார்மோசா பிளாஸ்டிக் ஆலையிலிருந்து லவாக்கா விரிகுடாவிலும் அதில் சேரும் ஓடையிலும் கலந்த குருணையை நாள் குறித்துச் சேகரித்து நீதிமன்றத்தில் காட்டினர். 2019-இல் ஆலை 5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இனிக் குருணை வெளியேறவே கூடாது என்ற நிபந்தனையும் ஏற்பட்டது.

இது அயல்நாட்டுச் சங்கதி என்று ஒதுக்க வேண்டாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எல்சா 3 கப்பல் மூழ்கியபின், கேரளத்திலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும் இதே குருணைதான் ஒதுங்கிற்று. நம் நாட்டில் இது பெரும்பாலும் 25 கிலோ மூட்டைகளில் வருகிறது. சரக்கு நிலையத்தில் மூட்டை கிழிந்தாலும் மழைநீர் போகும் வழி ஒன்றே.

வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ குருணை தென்பட்டால், ஒரு கைப்பிடியைப் பையிலிட்டு நாளும் இடமும் எழுதி வைக்கவும். நிலைய அதிகாரிக்கும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். பருவமழைக்கு முன்பே கொடுப்பது நல்லது. தாமே தண்டவாளத்தில் இறங்கி அள்ள முற்படக் கூடாது. உயிருக்கு ஆபத்து, 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றமும் ஆகும். சிறுபாலத்தின் வாயில் வலை கட்டுவதும் வேண்டாம். குப்பை அடைத்து, வெள்ளம் கரையை அரித்துவிடும்.