கரண்ட் போனால் மூச்சும் போகலாமா?

ஆனி, ஆடி மாதம் வந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல்தான். அருவியில் குளிக்க வருபவர்களுக்கு அந்தக் காற்று பெரிய சுகம். அதே காற்று இலஞ்சியிலோ மேலகரத்திலோ ஒரு மரக்கிளையை ஒடித்து மின்கம்பியில் போட்டால் கரண்ட் போய்விடும். பெரும்பாலான வீடுகளில் "போச்சுடா" என்று ஒரு சலிப்பு, கையில் ஒரு டார்ச், அவ்வளவுதான். ஆனால் சில வீடுகளில் அந்த நொடியில் ஒரு மெஷின் நின்றுபோய், பீப் பீப் என்று கத்தத் தொடங்கும். அதுதான் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர்.

2021 கொரோனா இரண்டாம் அலையில்தான் இந்த மெஷினின் பெயரே பலருக்குத் தெரிந்தது. நுரையீரல் நோயாளிகள் சிலருக்கு அது இன்றும் தினசரித் தேவை. ஆஸ்பத்திரியில் இருந்த வசதி வீட்டுக்கு வந்துவிட்டது, நல்ல விஷயம். ஆனால் ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர் கூடவே வரவில்லையே!

"அதான் இன்வெர்ட்டர் இருக்கே" என்பார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டருக்குச் சுமார் 350 வாட் தேவை. 12 வோல்ட், 150 ஆம்பியர் அவர் பேட்டரி என்றால் காகிதத்தில் 1800 வாட் அவர். வகுத்தால் 5 மணி நேரம் வரும். நிஜத்தில் இன்வெர்ட்டரிலேயே கொஞ்சம் வீணாகும், பேட்டரிக்கும் வயதாகும். 3 மணி நேரம் ஓடினாலே பெரிது. அதில் ஃபேனும் டிவியும் ஓடினால் இன்னும் குறையும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தப்படுவதோ பெரும்பாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை. அதாவது 5 மணி நேரம். முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் மின்தடைக்கே கையிருப்பு போதவில்லை!

அறிவிக்காமல் வருவது வேறு கதை. 2018 நவம்பரில் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பேய்மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. பல ஊர்களில் நாட்கணக்கில் கரண்ட் இல்லை, சாலையும் இல்லை. 108-க்குப் போன் செய்தாலும் வண்டி எப்படி வரும்?

அதனால் இன்வெர்ட்டரோடு நின்றுவிடக் கூடாது. வீட்டில் ஒரு சிலிண்டர் கட்டாயம் வேண்டும். 'பி டைப்' சிலிண்டரில் சுமார் 1500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம், 5 லிட்டர் என்றால் 5 மணி நேரம். அதைத் திறக்கும் சாவி சிலிண்டரிலேயே தொங்கட்டும். திறக்கத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர் மட்டும் இருந்தால் போதாது, இரண்டு பேராவது பழகியிருக்க வேண்டும். முக்கியமாக, கரண்ட் போனதும் பழக்கதோஷத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிடாதீர்கள். ஆக்சிஜன் இருக்கும் அறையில் நெருப்பு ஆபத்து!

மற்ற கருவிகளுக்கும் மாற்று உண்டு. நெபுலைசருக்குப் பதிலாக ஸ்பேசர் வைத்து இன்ஹேலர் தரலாமா என்று டாக்டரிடம் முன்பே கேட்டு வைக்கலாம். படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தை இறங்கிவிட்டால், 2 மணி நேரத்துக்கு ஒரு முறை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் குடும்பத்தின் தலையிலேயே கட்டுவது நியாயமா? இரண்டாவது பேட்டரி வாங்க முடியாத வீடு என்ன செய்யும்?

பிரிட்டனில் இப்படிப்பட்ட வீடுகளுக்கென்றே ஒரு முன்னுரிமைப் பதிவேடு இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் உயிர்காக்கும் கருவி இருப்பதாகப் பதிவு செய்த வீட்டுக்கு, திட்டமிட்ட மின்தடையை 4 வேலை நாட்களுக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தென்காசியிலும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும். அதற்குப் புதிதாக ஒரு அலுவலகம் திறக்கத் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஊழியர்கள் ஏற்கனவே நோயாளிகளின் வீட்டுக்குப் போகிறார்கள். போகும் வீட்டில் இப்படி ஒரு கருவி இருந்தால், மின் இணைப்பு எண்ணையும் சேர்த்து எழுதி மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பினால் போதும். லைன்மேனுக்கு அந்தத் தெரு தெரியும், இனி அந்த வீடும் தெரியும்.

"ஆளாளுக்குப் பெயர் கொடுத்துவிடுவார்களே?" என்று கேட்கலாம். டாக்டர் சான்றிதழ் கேட்டால் தீர்ந்தது. மேலும், இந்தப் பட்டியல் யாருக்கும் 24 மணி நேர கரண்ட் தரப்போவதில்லை. முதல் நாளே ஒரு போன், கம்பி அறுந்தால் எந்தத் தெருவை முதலில் சரிசெய்வது என்ற ஒரு முடிவு, வெள்ளம் வந்தால் எந்த வீட்டுக்குச் சிலிண்டர் போக வேண்டும் என்ற ஒரு தகவல், இவ்வளவுதான்.

பட்டியல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருக்கிறதா என்று விசாரியுங்கள். கரண்ட் போனால் 94987 94987 என்ற மின்னகம் எண்ணுக்கு அவர்களுக்காக ஒரு போன் போடுங்கள். சிலிண்டரைத் தூக்க ஒரு கை கொடுங்கள்.

சாரல் காற்று எல்லோருக்கும் இலவசம். அந்தக் காற்றையே மெஷின் வழியாகத்தான் சுவாசிக்க முடியும் என்ற நிலையில் உள்ளவர்களைக் கரண்ட் போன நேரத்திலாவது நினைத்துக்கொள்ள வேண்டாமா?