ஆட்சியரா, அலுவலரா?

மயிலாப்பூரில் எட்வர்டு எலியட் சாலை என வழங்கிய நெடுஞ்சாலை, இராதாகிருட்டிணன் சாலையாகிவிட்டது. வெள்ளையர் காலச் சென்னையில் தலைமைக் குற்றவியல் நடுவராயிருந்த அவ் எலியட்டின் பெயர், அடையாற்றுக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் மட்டும் ஒட்டிக்கொண்டுள்ளது. ஆள்களின் பெயரை அகற்றுதல் எளிது. அவர்கள் விட்டுச்சென்ற இருக்கைகளின் பெயரை என் செய்வது?

'கலெக்டர்' என்னும் பெயரையே எடுத்துக்கொள்க. 1772-இல் வாரன் ஏசுட்டிங்சு வங்காளத்தில் அமர்த்திய அவ் அலுவலர்க்குத் தலையாய வேலை நிலவரி தண்டுதல். சொல்லின் பொருளும் தண்டுபவர் என்பதே. 'தாசில்' என்னும் அரபுச் சொல்லுக்கும் தண்டல் என்றே பொருள். (சென்னைக் கடைத்தெருவில் நாள்வட்டிப் பணம் வாங்க வருபவரையும் தண்டற்காரர் என்றுதானே அழைக்கின்றனர்!) கும்பினியார் தம் தொழிலை ஒளிக்கவில்லை. ஒளித்தவர் தமிழரே. தாசில்தாரை வட்டாட்சியர் ஆக்கினர். கலெக்டரை மாவட்ட ஆட்சித் தலைவர் ஆக்கினர். அயற்சொல் நீங்கியது, மகிழ்ச்சியே. ஆயின், வரி தண்டியவர் ஆள்பவராக உயர்ந்துவிட்டார்! மக்கள் தேர்ந்தெடுத்தோர் ஆளும் நாட்டில், தேர்வெழுதிப் பணிக்கு வந்தவர்க்கு ஆட்சி எங்கிருந்து வந்தது?

'காரியதரிசி'யை வீழ்த்திய 'செயலாளர்' நற்சொல், வேலையைச் சொல்கின்றது. முடியாட்சி நடத்திய சோழர் கல்வெட்டுகளிலும் இம் முறையே காணப்படும். மன்னன் வாய்மொழியை ஓலைப்படுத்தியவர் 'திருமந்திர ஓலை'. வரிக்கணக்கு நடத்திய துறை 'புரவுவரித் திணைக்களம்'. முன்னதில் வடசொல் கலந்திருப்பினும், பணியே பெயராயிற்று. திணைக்களம் என்னும் சொல்லை ஈழத்தமிழர் இன்றும் அரசுத் துறைக்கு வழங்குகின்றனர். அங்கே மாவட்டத் தலைமை அலுவலர்க்கு 'மாவட்டச் செயலாளர்' என்று பெயர். இங்கே அப் பெயரைக் கட்சிக்காரர் முன்னரே பிடித்துக்கொண்டனர், போகட்டும். மாவட்ட முதன்மை அலுவலர், வட்ட அலுவலர் என்று எழுதினால் எவர் தலை தாழும்?

வருமானச் சான்றுக்காக வட்டாட்சியர் அலுவலகத் திண்ணையில் காத்திருக்கும் மூதாட்டி, தமக்குரியதைக் கேட்கவே வந்துள்ளார். உள்ளே இருப்பவரை 'ஆள்பவர்' என்று தலைமாட்டுப் பலகையே அறைந்து சொல்லும்போது, கேட்க வந்தவர் இரக்க வந்தவராகிவிடுகின்றார். உள்ளிருப்பவரும் அப் பலகையை நாள்தோறும் படித்துக்கொண்டுதான் நுழைகின்றார்.

நெடுங்காலம் நிலைத்ததை மாற்றலாகாது என்பர் சிலர். 1786-இல் வெள்ளையர் நிறுவிய வருவாய் வாரியத்தைத் தமிழக அரசு 1980-இல் சட்டம் இயற்றிக் கலைத்தது. ஏறத்தாழ இருநூறாண்டு நின்ற வாரியத்தையே கலைக்க முடிந்த அரசுக்கு, ஒரு பெயர்ப்பலகையை மாற்றி எழுதுவதா இயலாதது?