இயல்பமைப்புக்கு அடிமையாவதா?

மொழிக்காப்பு என்பது மேடை முழக்கத்தால் மட்டும் நிறைவேறுவதன்று. எழுத்து எங்கே எழுதப்படுகிறதோ, எங்கே சேமிக்கப்படுகிறதோ, அங்கே அது சிதையாமல் நிலைபெறச் செய்வதும் மொழிக்காப்பே ஆகும். ஏடெழுதிய காலத்தில் ஓலையைப் பக்குவப்படுத்தும் முறையை எழுதுவோர் அறிந்திருந்தனர். அச்சுப்பொறி வந்த காலத்தில் மெய்ப்புத் திருத்தும் முறையைத் தமிழறிஞர் விரும்பிக் கற்றனர். இன்று எழுத்தின் இருப்பிடம் கணினி. ஆயினும் வீட்டுக் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவவும் அதன் அமைப்பைத் திருத்தவும் நேரும்போது, தமிழ் கற்பிப்போரும் கற்போரும் கைகட்டி நிற்கின்றனர். 'அது தொழில்நுட்பர் வேலை' என்று கூறி ஒதுங்குகின்றனர். இவ்வொதுக்கம் அடக்கமன்று, கடமையினின்று வழுவுதல்.

எடுத்துக்காட்டாக ஜாவாவைக் கொள்ளலாம். 1995ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் இதனை வெளியிட்டது. 2010ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. பொதுவாக, ஜாவாவில் எழுதப்பட்ட நிரல் தானாக ஓடுவதில்லை. நிரலுக்கும் கணினிக்கும் இடையே ஒரு மென்பொருள் நின்று, நிரலின் கட்டளைகளை அந்தக் கணினிக்கு விளங்கும் கட்டளைகளாக மாற்றித் தருகிறது. நாடகத்துக்கு மேடை எப்படியோ, நிரலுக்கு அது அப்படி. அதனையே இயக்கநேரச் சூழல் என்பர். 'ரன்டைம்' என்பது வழக்குச் சொல். மொழிபெயர்ப்பாளர் கையாளும் ஒமேகாடி என்னும் செயலி இதன்மீதே ஓடுகிறது. லிப்ரே ஆபிஸின் தரவுத்தளப் பகுதிக்கும் இதன் துணை வேண்டும். மேடை கோணினால் நாடகம் கோணும்.

இம்மேடையில் தமிழுக்கு நேர்ந்தது என்ன? 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம் பெற்றுவிட்டது. ஜாவாவும் பிறந்த நாள்தொட்டே எழுத்துகளை ஒருங்குறியில்தான் தன்னுள் வைத்திருந்தது. வீட்டின் உள்ளே தமிழுக்கு இருக்கை இருந்தது. ஆனால் வாயிலில் தடை இருந்தது. ஒரு கோப்பைப் படிக்கும்போதும் எழுதும்போதும் எந்த எழுத்துக் குறியீட்டைக் கொள்வது என்று நிரல் தெளிவாகக் கூறாவிடில், இயக்கநேரச் சூழல் கணினியின் வட்டார அமைப்பைப் பார்த்துத் தானே முடிவு செய்தது. ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ அமைந்த விண்டோஸ் கணினியில் அது விண்டோஸ்-1252 என்னும் குறியீட்டையே தேர்ந்தது. மேலை ஐரோப்பிய மொழிகளுக்கென வகுக்கப்பட்ட அக்குறியீட்டில் தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை.

விளைவு யாது? 'அம்மா' என்னும் சொல்லை ஒருங்குறி ஐந்து குறிகளாகக் கொள்கிறது: அகரம், மகரம், புள்ளி, மீண்டும் மகரம், துணைக்கால். இச்சொல்லை அத்தகைய அமைப்பில் கோப்பாக எழுதினால் ஐந்து கேள்விக்குறிகளே எஞ்சும். குழந்தை முதலில் பேசும் சொல் ஐந்து கேள்விக்குறிகளாகி நிற்கும் இழிநிலைக்கு எந்த எதிரியும் காரணம் அல்லன். எவரும் தொட்டுப் பாராத ஓர் அமைப்பே காரணம். யூடிஎஃப்-8 முறையில் சேமித்த கோப்பைத் தவறான குறியீட்டில் படித்தால் பொருளற்ற எழுத்துக்குவியல் தோன்றும். மூலக்கோப்பு கெடாதிருக்கும் வரை அதனைச் சரிசெய்ய வழியுண்டு. கேள்விக்குறியாக எழுதப்பட்டுவிட்டதோ மீளாது. எது எழுத்தாக இருந்தது என்னும் தடயமே அதில் இல்லை.

இதற்கு மருந்து அரிதோ? இல்லை. விண்டோசின் சூழல் மாறிகள் பகுதியைத் திறந்து, 'ஜாவா டூல் ஆப்ஷன்ஸ்' என்னும் பெயரில் ஒரு மாறியைச் சேர்த்து, கோப்புக் குறியீடு யூடிஎஃப்-8 என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பழைய பதிப்பும் பணிந்துவிடும். 2022 மார்ச்சில் வெளிவந்த 18ஆம் பதிப்பு முதல் யூடிஎஃப்-8 என்பதே இயல்பமைப்பாக ஆக்கப்பட்டது. 1995க்கும் 2022க்கும் இடையே 27 ஆண்டுகள். ஒரு தலைமுறைக் காலம் ஒரே வரியில் தீரும் குறையைப் பொறுத்துக்கொண்டு, 'கணினியில் தமிழ் சரியாக வராது' என்று மாணவருக்குச் சொன்னவர் உண்டெனில், அவர் சொன்னது கணினியின் குறையையா, தம் அறியாமையையா?

'புதிய பதிப்பு வந்துவிட்டதே, இனி என்ன கவலை?' என்று சிலர் வினவலாம். புதிய பதிப்பு தானே நடந்துவந்து வீட்டுக் கணினிக்குள் புகுவதில்லை. பழைய பதிப்பு தானே விலகிப் போவதும் இல்லை. 2015 டிசம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஆரக்கிள்மீது சுமத்திய குற்றச்சாட்டை இங்கு நினைவுகூர்தல் தகும். ஜாவாவைப் புதுப்பித்தால் பாதுகாப்புக் கிட்டும் என்று பயனருக்குச் சொல்லப்பட்டது. ஆனால் பாதுகாப்புக் குறையுள்ள பழைய பதிப்புகள் கணினியில் அப்படியே தங்கின என்பதே அக்குற்றச்சாட்டு. வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. அதே 2015ஆம் ஆண்டு வரை ஜாவாவின் நிறுவியில் ஆஸ்க் என்னும் தேடல் பட்டை ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கான கட்டத்தில் ஒப்புதல் குறி முன்கூட்டியே இடப்பட்டிருந்தது. படிக்காமல் 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியவர் வீட்டில் அழையா விருந்தாளி குடியேறினான். வாசிப்பைத் தொழிலாகக் கொண்டவர் திரையிலுள்ள நான்கு வரிகளை வாசியாமல் ஒப்புதல் அளிப்பது எத்துணை நாணத்தக்கது!

நினைவகத்தின் கதையும் இதுவே. இயக்கநேரச் சூழல் வழக்கமாகக் கணினியின் நினைவகத்தில் கால் பங்கையே தன் நிரலுக்கு உச்ச வரம்பாக வைத்துக்கொள்ளும். 8 கிகாபைட் உள்ள கணினியில் அது 2 கிகாபைட். பெரிய கோப்பைத் திறந்த நிரல் திணறி நின்றால், புதுக் கணினி வாங்க வேண்டும் என்று கடைக்காரர் சொல்வார். 'எக்ஸ்எம்எக்ஸ்' என்னும் அமைப்பில் வரம்பைச் சற்று உயர்த்தினால் பல வேளைகளில் அதே கணினி போதும். அளவு கடந்து உயர்த்தினாலோ பிற செயலிகளுக்கு இடமின்றிக் கணினி முழுவதும் தளரும். அளவறிந்து செய்தல் என்பது தமிழர்க்குப் புதிய பாடமா?

இனி, இதைக் கற்பது கடினம் என்போர்க்கு ஒன்று கூறலாம். பழைய சூழலில் புதிய நிரலை ஓட்ட முயன்றால் ஒரு பிழைச்செய்தி தோன்றும். அதில் 52, 61, 65 போன்ற எண் இருக்கும். அதிலிருந்து 44ஐக் கழித்தால் வேண்டிய ஜாவாப் பதிப்பு எதுவெனத் தெரியும். 52 எனில் 8ஆம் பதிப்பு. 61 எனில் 17. 65 எனில் 21. தொடக்கப்பள்ளி மாணவன் செய்யும் கழித்தல் கணக்கு இது. இதற்காகவா கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுவது?

'தமிழாசிரியர் பணி இலக்கணமும் இலக்கியமும் கற்பிப்பதே' என்னும் வாதம் கேட்பதற்கு இனியது; ஆனால் வரலாறு அதனை ஏற்கவில்லை. கணியன் என்னும் தமிழ்க் கணினி முறையை உருவாக்கிய சிங்கப்பூர் நா. கோவிந்தசாமி எழுத்தாளர்; ஆசிரியர்களைப் பயிற்றுவித்த தமிழ் விரிவுரையாளர். 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு கூடுவதற்கு அவர் முன்னின்றார். முரசு அஞ்சலை ஆக்கிய முத்து நெடுமாறன் மலேசிய மண்ணின் மைந்தர். இம்மண்ணில் தமிழைக் கணினியில் ஏற்றியோர், 'இது எம் வேலையன்று' என்று ஒதுங்கியிருந்தால் தமிழ்த் தட்டச்சு எங்கே நின்றிருக்கும்? அவர்கள் விதைத்ததை அறுவடை செய்வோர், வரப்பைக்கூடச் செப்பனிட மறுப்பது நன்றியாகுமா?

எல்லா ஆசிரியரும் நிரலாளராக வேண்டும் என்பதன்று இவ்வாதத்தின் கருத்து. மிதிவண்டி ஓட்டுபவன் சங்கிலி கழன்றால் மாட்டத் தெரிந்திருக்க வேண்டும்; மிதிவண்டி செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவ்வளவே வேண்டுவது. ஆசிரியப் பயிற்சியில் ஒரு நாள் ஒதுக்கினால் போதும். இயக்கநேரச் சூழலை அதன் உரிய தளத்திலிருந்து பெறுதல், நிறுவும்போது ஒவ்வொரு கட்டத்தையும் வாசித்தல், பழைய பதிப்பை அகற்றுதல், குறியீட்டை யூடிஎஃப்-8 ஆக்குதல், நினைவக வரம்பை அளவோடு திருத்துதல் ஆகிய ஐந்தையும் கற்றுவிடலாம். மாற்றுமுன் பழைய மதிப்பை ஓர் ஏட்டில் தமிழில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தையும் அத்துடன் ஊட்டலாம். பின்னர் ஒரு தேர்வு: 'அம்மா' என்று எழுதிச் சேமித்து, மூடி, மீண்டும் திறக்க வேண்டும். சொல் சொல்லாகவே நின்றால் தேர்ச்சி.

இயல்பமைப்பு என்பது இயற்கை வகுத்ததன்று. எங்கோ ஓர் அறையில் எவரோ, தம் மொழியையும் தம் தேவையையும் கருதி, மற்றவருக்காக முன்னரே எடுத்து வைத்த முடிவு அது. அதனைத் தொடாதவன் அம்முடிவுக்குத் தலைவணங்குகிறான். மாணவன் அறிய வேண்டிய முதன்மையான உண்மை இதுவே. கணினி கீழ்ப்படியவே பிறந்தது. எந்த மொழியில் கீழ்ப்படிய வேண்டும் என்று ஆணையிடும் உரிமை அதன் முன் அமர்ந்திருப்பவருக்கு உண்டு. அவ்வுரிமையைப் பயன்படுத்தாத ஆசிரியர், அதனைத் தம் மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பார்?